பழைய 407-க்கு ரெடிமேட் ஹெட்லைட் ரிலே செட்: எது தேறும், எது தேறாது

பழைய டாடா 407-ஐ ராத்திரியில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "எதிர்ல வண்டி வந்துட்டா நம்ம லைட் எரியுதா இல்லையான்னே தெரியல." இந்தக் குறையோடு நேராகப் பல்பு கடைக்குப் போனால் இரண்டில் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஒன்று 100/90 வாட் ஹாலஜன், இல்லையென்றால் பின்னால் ஃபேன் வைத்த எல்இடி பல்பு. முதலாவதை (பிரைட் 100, டிம் 90 வாட்) மாட்டினால் சில வாரங்களில் ஹோல்டர் கருகும், டிம்-பிரைட் சுவிட்ச் சுடும். இரண்டாவதை மாட்டினால் எதிரே வருகிறவர் கண் கூசித் திட்டுவார். இரண்டுமே நோய் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்துக்கு மருந்து போடுகிற வேலை. பெரும்பாலான பழைய வண்டிகளில் பல்பு சரியாகத்தான் இருக்கிறது. அதற்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ்தான் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

அதற்கான மருந்து, "ஹெட்லைட் ரிலே செட்" என்று கடைகளில் விற்கும் வயரிங் கிட். ரிலே என்பது, பழைய சுவிட்சிலிருந்து வரும் சின்னக் கரண்ட்டில் இயங்கி, பாட்டரியின் பெரிய கரண்ட்டை நேராக லைட்டுக்குத் திறந்துவிடும் மின்சுவிட்ச். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளிலும், நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி ஸ்பேர்ஸ் கடைகளிலும், ஆன்லைனிலும் கிடைக்கிறது. இரண்டு ரிலே, இரண்டு எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் உள்ள மூன்று பின் ஹாலஜன்) ஹோல்டர், ஒரு ஃபியூஸ், பழைய ஹோல்டரில் செருக ஒரு பிளக், பாட்டரிக்கு ஒரு லக் (வயர் நுனியில் அழுத்தும் உலோக முனை), எர்த்துக்கு இரண்டு லக். இவ்வளவுதான் பெட்டியில் இருக்கும். யோசனை மிக நல்லது. பெட்டிக்குள் வருகிற சரக்கில்தான் பாதிக்கு மேல் தேறுவதில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

செட் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தூக்கிவைத்து, டிம் லைட்டைப் போடுங்கள். பாட்டரி முனைகளில் ஒரு அளவு எடுங்கள். பிறகு ஹெட்லைட் ஹோல்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கத் துளை வழியாக மீட்டர் முனையைச் செருகி டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே இன்னொரு அளவு. ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் பலன் இல்லை. கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த வயர்கூட முழு வோல்டேஜைக் காட்டும். இந்தத் தவறால்தான் பல பட்டறைகளில் "வயரிங் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

பாட்டரியில் 13.8, பல்பில் 11.9 என்று வந்தால் அதன் பொருள் என்ன? 12 வோல்ட் எச்4 பல்பின் டிம் இழை (ஃபிலமென்ட்) 13.2 வோல்ட்டில் 1000 லூமன் வெளிச்சம் தரும்படி செய்யப்பட்டது. பிரைட் இழைக்கு 1650. வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் அதே விகிதத்தில் குறையாது, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும், ஏறக்குறைய மூன்றரை மடங்கு அடுக்கில். 11.9 வோல்ட்டில் அதே பல்பு சுமார் 700 லூமன்தான் கொடுக்கும். மீதி வெளிச்சம் சுவிட்சிலும் கப்ளரிலும் வயரிலும் சூடாகப் போய்விட்டது. 100/90 பல்பு மாட்டும்போது அந்தச் சூடு இன்னும் கூடுகிறது. ஹோல்டர் கருகுவதற்குக் காரணம் இதுதான்.

மொத்த இழப்பு 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே செட் உங்களுக்குத் தேவையில்லை, டூமை (பல்பு உட்காரும், உள்ளே முலாம் பூசிய ஒளிக் கிண்ணம்) பாருங்கள். 1 வோல்ட்டைத் தாண்டினால் கட்டாயம் தேவை. இன்னும் இரண்டு அளவு எடுத்துவிட்டால் எங்கே இழப்பு என்பதும் தெரிந்துவிடும். பாட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, ஹோல்டரின் டிம் பின்னில் மறுமுனை: வருவது பிளஸ் பக்க இழப்பு. பாட்டரி மைனஸில் ஒரு முனை, ஹோல்டர் எர்த்தில் மறுமுனை: வருவது எர்த் பக்க இழப்பு. எர்த்தில் மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் போகிற வண்டிகள் நிறைய. அந்த வண்டிக்கு எவ்வளவு நல்ல ரிலே செட் போட்டாலும் எர்த்தைச் சரிசெய்யாமல் பலன் வராது.

அப்படியே சார்ஜிங்கையும் பார்த்துவிடுங்கள். பாட்டரியில் 14.5-க்கு மேல் காட்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. இதைச் சரிசெய்யாமல் ரிலே போடவே கூடாது. இத்தனை நாள் கெட்டுப்போன வயரிங்தான் அந்தப் பல்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். "ரிலே போட்டதிலிருந்து பல்பு அடிக்கடி போகுது" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

பெட்டியைப் பிரித்தால்

முதலில் வயர். மேலே பார்க்கத் தடியாக இருக்கும், அதை நம்பக்கூடாது. பிளாஸ்டிக் உறை தடியாக இருந்து உள்ளே செம்பு ஒல்லியாக இருப்பது இந்தச் செட்டுகளில் சாதாரணம். ஒரு முனையை உரித்து இழைகளை எண்ணுங்கள். நம் ஊர் ஆட்டோ வயர் கணக்கு எளிது. 0.3 மி.மீ. இழை 14 இருந்தால் 1 சதுர மி.மீ., 21 இருந்தால் 1.5, 35 இருந்தால் 2.5, 56 இருந்தால் 4. ரிலேயிலிருந்து லைட்டுக்குப் போகும் வயர் 35 இழையாவது இருக்க வேண்டும். பாட்டரியிலிருந்து ரிலேக்கு வருவது 56 இழை. மலிவு செட்டுகளில் இரண்டுக்கும் ஒரே வயர்தான் போட்டிருக்கும், அதுவும் 14 இழையைத் தாண்டாது. பழைய வயரை விட ஒல்லியான வயரைப் புதிதாகப் போட்டு யாருக்கு என்ன லாபம்?

இழையை எண்ணியதும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு இழையைப் பிரித்து, விரல் நகத்தின் மேல் வைத்து, பிளேடு முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். அசல் செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் அதே செந்நிறம். சுரண்டிய இடம் வெள்ளியாகப் பளபளத்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. அதன் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. மழைக்காலம் ஒன்று தாண்டினால் லக் அழுத்திய இடத்தில் வெள்ளைத் தூள் பூத்து, தொட்டாலே ஒடிந்துவிடும். இந்த வயர் உள்ள செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு எந்தக் குறையையும் சரிசெய்துகொள்ளலாம், இதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது ஹோல்டர். வெள்ளைப் பீங்கான் ஹோல்டர் வருகிற செட் நல்லது, சூடு தாங்கும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் பித்தளைக் கிளிப்பைப் பாருங்கள். சின்ன ஸ்க்ரூடிரைவரால் பூட்டை அழுத்தினால் கிளிப் பின்னால் வந்துவிடும். கிளிப்பின் இரண்டு காதுகளில் முதல் காது செம்பு இழைகளையும், இரண்டாவது காது பிளாஸ்டிக் உறையையும் பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் செய்த செட்டில் இரண்டு காதுகளுமே பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்திருக்கும். நாலைந்து இழைகள் மட்டும் பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மாட்டியதும் நன்றாகத்தான் எரியும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அந்த இடம் மட்டும் கொதித்து, வயர் உறை பழுப்பாகிவிடும். ஒவ்வொரு வயரையும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பல்பைச் செருகும்போதும் கொஞ்சம் பலம் தேவைப்பட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கிளிப் தளர்வு என்று அர்த்தம்.

ரிலே பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சாதாரண நான்கு பின் அல்லது ஐந்து பின் ரிலேதான், எந்த ஊரிலும் கிடைக்கும். மேலே 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பேர் தெரியாத ரிலேயாக இருந்தால் பாஷ், ஹெல்லா, மிண்டா போன்ற தெரிந்த கம்பெனி ரிலே இரண்டை மாற்றிச் செருகிவிடலாம், அடி அதேதான். ஐந்து பின் ரிலேயில் நடுவில் இருக்கும் 87ஏ பின்னை மட்டும் கவனியுங்கள். ரிலே வேலை செய்யாதபோது, பாட்டரி பிளஸ் வரும் 30 பின்னோடு ஒட்டியிருக்கும் பின் அது. வயரைத் தவறி அங்கே மாட்டினால் சாவி எடுத்த பிறகும் லைட் எரிந்துகொண்டே இருக்கும்.

எனக்கு மன்னிக்க முடியாத குறை ஃபியூஸில்தான். பெரும்பாலான செட்டுகளில் பாட்டரி வயரில் ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். இரண்டு லைட், டிம், பிரைட் எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஒரு பக்கத்து ஹோல்டர் வயர் உரசி பாடியைத் தொட்டால் அந்த ஒரு ஃபியூஸ் போகும், அதோடு மொத்த வண்டியும் இருட்டு. எட்டு டன் எடையில்லை என்றாலும், லோடோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்புகிற வண்டிக்கு இது நடக்கவே கூடாது. பல்பின் ஒவ்வொரு இழைக்கும் தனி ஃபியூஸ், அதாவது இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட் என்று நான்கு 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இருந்தால் எது போனாலும் ஒரு பக்கமாவது எரியும். நான்கு வழி ஃபியூஸ் பாக்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கி இடையில் சேர்க்க ஒரு மணி நேரம் ஆகும். இதைச் செய்யாமல் எந்த ரெடிமேட் செட்டையும் லாரியில் மாட்டாதீர்கள்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். இந்தச் செட்டுகள் கார், ஜீப் அளவுக்குத் தைத்தவை. பாட்டரி முன்னால் பானெட்டுக்குள் இருக்கும் என்று நினைத்துச் செய்தவை. பாட்டரி சேஸிஸ் ஓரத்தில் இருக்கும் வண்டியில் பிளஸ் வயர் எட்டாது. நடுவில் முறுக்கி டேப் சுற்றி நீட்டுகிறார்கள், அதைச் செய்யக் கூடாது. அந்த வயரை முழுதாக எடுத்துவிட்டு, 56 இழை வயர் ஒரே துண்டாகப் போடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த பாட்டரி போல்ட்டிலிருந்தோ ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனையிலிருந்தோ எடுத்தால் தூரம் குறையும். எங்கிருந்து எடுத்தாலும் அந்த முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

சரி, இத்தனையும் மாற்றினால் செட்டில் மிஞ்சுவது என்ன? ஹோல்டர், ரிலே சாக்கெட், செருகுகிற பிளக். அதனால்தான் என் சிபாரிசு இது: வயர் அசல் செம்பாகவும் 35 இழையாகவும் இருந்தால் செட்டை வாங்கி ஃபியூஸ் பாக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாமான் வாங்கி நீங்களே கட்டுவது மேல்.

கையால் கட்டுவதானால்

56 இழை சிவப்பு வயர் 4 மீட்டர், 35 இழை வயர் இரண்டு வேறு நிறத்தில் நிறத்துக்கு 4 மீட்டர், 35 இழை கறுப்பு 4 மீட்டர், சுவிட்ச் பக்கத்துக்கு 14 இழை 3 மீட்டர், சாக்கெட்டோடு ரிலே இரண்டு, நான்கு வழி ஃபியூஸ் பாக்ஸ், மெயின் ஃபியூஸ் ஹோல்டர், பீங்கான் ஹோல்டர் இரண்டு, 8 மி.மீ. வளைய லக் ஆறு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், 12 மி.மீ. நெளிவுக் குழாய் 6 மீட்டர். ஒரு ஆள் நிதானமாகச் செய்தால் அரை நாள் வேலை.

இணைப்பு சிக்கலே இல்லை. மெயின் ஃபியூஸைத் தாண்டி வரும் பிளஸ் இரண்டு ரிலேயின் 30-க்கும் போகும். முதல் ரிலேயின் 87-லிருந்து டிம் ஃபியூஸ் இரண்டுக்கும், அங்கிருந்து இரண்டு ஹோல்டரின் டிம் பின்னுக்கும். இரண்டாவது ரிலே அதேபோல் பிரைட்டுக்கு. 85-உம் 86-உம் ரிலேயை இயக்கும் காயிலின் இரண்டு முனைகள். இரண்டு ரிலேயின் 85-உம் எர்த். 86-க்கு, பழைய ஹெட்லைட் ஹோல்டர் ஒன்றிலிருந்து வரும் டிம் வயரும் பிரைட் வயரும். ரிலே காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது, ஆகவே பழைய சுவிட்சுக்கும் பழைய வயருக்கும் இனி பாரம் இல்லை. மறுபக்கத்துப் பழைய ஹோல்டர் சும்மா தொங்கும். அதில் இன்னும் உயிர் உண்டு, டேப் சுற்றிக் கட்டிவையுங்கள். டாஷ்போர்டின் நீல பிரைட் விளக்கு எப்போதும்போல் எரியும்.

எச்4 பல்பில் எது டிம், எது பிரைட் என்று சந்தேகம் வந்தால் பல்பையே பார்த்தால் தெரியும். கண்ணாடிக்குள் இரண்டு இழைகளில் ஒன்றுக்குக் கீழே சின்னக் கரண்டி போல ஒரு தகடு இருக்கும். அதுதான் டிம். பாட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தால் மூன்று பின்னும் அடையாளம் தெரிந்துவிடும். கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. ஜப்பான் வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு பிளஸ் நேராகப் போய்க்கொண்டிருக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் மாற்றிக் கொடுக்கும். ரெடிமேட் செட்டை அந்த வண்டியில் அப்படியே செருகினால் ரிலே அசையாது. பழைய ஹோல்டரைக் கழற்றி, டிம் போட்டு, மூன்று பின்னையும் பாடி எர்த்தோடு டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். டிம்-பிரைட் மாற்றினாலும் ஒரே பின்னில் மட்டும் விடாமல் பிளஸ் இருந்தால் இந்த வகை. அங்கே 86 இரண்டையும் அந்த பிளஸ்ஸில் கொடுத்து, 85-களை டிம், பிரைட் வயர்களில் கொடுக்க வேண்டும்.

லக்கை நல்ல கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். கட்டிங் பிளையரால் நசுக்குவது கூடாது. ஈயம் வைத்த இணைப்பு வீட்டு வயரிங்குக்கு நல்லது. லாரியின் அதிர்வில், ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து ஒடியும். கறுப்பு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். நம் வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, ஆறு மாதத்தில் தானே உரிந்துவிடும். ஸ்லீவ் போட்டு, நெளிவுக் குழாயில் விட்டு, ஒரு ஜாணுக்கு ஒரு டை கட்டுங்கள். தகட்டில் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வாஷர் கட்டாயம். சைலன்சர் பைப்பிலிருந்து ஒதுங்கிப் போக வேண்டும். ரிலேயைப் பின் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். மேலே பார்க்க மாட்டினால் வாட்டர் சர்வீஸ் செய்யும்போது தண்ணீர் உள்ளே நின்றுவிடும்.

எர்த்தை ஒப்புக்குச் செய்யாதீர்கள்

லாரி கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேபினிலிருந்து சேஸிஸுக்குக் கரண்ட் திரும்பிப் போக ஒரு பின்னல் பட்டை அல்லது ஒரு எர்த் வயர்தான் பாலம். பழைய வண்டியில் அது துருவேறி இற்றுப்போயிருக்கும், அல்லது டிங்கரிங் வேலையில் கழற்றி மாட்ட மறந்திருப்பார்கள். ஹெட்லைட் எர்த்தைப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டினால், கரண்ட் துருப்பிடித்த தகடு வழியாக வழி தேடிப் போகும். ஹெட்லைட் எர்த் இரண்டையும் 35 இழை வயரில் நேராகச் சேஸிஸுக்குக் கொண்டுபோய், பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி நிறம் தெரிந்த இடத்தில், பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கேபின் எர்த் பட்டை, பாட்டரி மைனஸ் சேஸிஸைத் தொடும் இடம் இரண்டையும் அதே நாளில் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எர்த் விட்டுப்போனால் வரும் அறிகுறி வேடிக்கையாக இருக்கும். டிம் போட்டால் ஒரு பல்பில் இரண்டு இழையும் மங்கலாகச் சிவக்கும், நீல விளக்கும் லேசாக மின்னும். எர்த் கிடைக்காத பல்பில் கரண்ட் டிம் இழை வழியாக ஏறி, பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி இறங்கி, பிரைட் வயரில் போய் மறுபக்கத்துப் பல்பின் பிரைட் இழையில் எர்த்தைத் தேடுகிறது. இதைப் பார்த்துவிட்டு சுவிட்சை மாற்றினவர்கள் எத்தனையோ பேர். மாற்ற வேண்டியது ஒரு லக்கைத்தான்.

ரிலே டக்டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் காயிலுக்கு வோல்டேஜ் போதவில்லை, அல்லது 85-இன் எர்த் தளர்வு. ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் ஹோல்டர் கிளிப்பையும் அந்தப் பக்க ஃபியூஸின் காலையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் குற்றவாளி.

டூமும் பல்பும்

முழு வோல்டேஜ் வந்த பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால் டூமின் முறை. உள்ளே முலாம் மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். துணி விட்டுத் துடைத்தால் மிச்ச முலாமும் துணியோடு வந்துவிடும், அதைத் திரும்பப் பூச முடியாது. மிகப் பழைய டூம்களில் பி45டி அடி கொண்ட, 45/40 வாட் சாதாரணப் பல்புக்கான வடிவம் இருக்கும். எச்4-இன் அடி பி43டி. அடாப்டர் வளையம் போட்டு ஹாலஜனை நுழைத்தால் ஒளிக் குவியம் தப்பும். எச்4-க்கென்றே செய்த டூமை வாங்குங்கள். பிளாஸ்டிக் முகப்பை விடக் கண்ணாடி முகப்பு நல்லது, மஞ்சளாகாது, மணல் உரசினாலும் எளிதில் மங்காது.

ஆன்லைனில் டூம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இடதுபக்கம் ஓட்டுகிறோம், ஆகவே டிம் ஒளியின் மேல்விளிம்பு இடதுபக்கம் ஏறி, சாலை ஓரத்தைக் காட்ட வேண்டும். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கான டூம் இதற்கு நேர் எதிர், எதிரே வருபவரின் கண்ணில் போய் அடிக்கும். இ முத்திரை (ஐரோப்பிய ஒப்புதல் குறியான E) உள்ள டூமில், கண்ணாடியை எதிரே நின்று பார்க்கும்போது வலதுபக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி இருந்தால் அது இடதுபக்கச் சாலைக்கானது. இருபக்க அம்பு என்றால் இரண்டுக்கும். அம்பே இல்லாவிட்டால் நமக்கானதில்லை.

பல்பு 60/55 வாட் போதும். பிலிப்ஸ், ஓஸ்ராம் எதுவானாலும் சாதாரண ரகமே லாரிக்குச் சரி. கூடுதல் வெளிச்சம் என்று விற்கும் ரகங்களில் இழை இன்னும் சூடாக எரிகிறது, ஆயுள் குறைவு. 100/90-ஐ நல்ல ரிலே செட் தாங்கும், டூம் தாங்காது. முலாம் வெந்துபோகும், சட்டப்படியும் கூடாது.

ஹாலஜன் டூமுக்குள் எல்இடி பல்பு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இழை என்பது ஒரு கம்பி, அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் டூமின் வளைவு செய்யப்பட்டது. எல்இடி சில்லுகள் இரண்டு பக்கமும் தட்டையாக நிற்கின்றன. ஒளி சிதறும், வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பளீரென்று இருக்கும், அந்தப் பளிச்சிலேயே கண் சுருங்கித் தூரம் தெரியாது. வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், பனி இறங்கும் நேரத்தில் அந்த வெண்ணீல ஒளி முன்னால் திரை கட்டியதுபோல் நிற்கும். ஃபேன் தூசியில் அடைத்தால் பல்பும் போய்விடும். எல்இடி வேண்டுமென்றால் முழு யூனிட்டாக, முத்திரையும் அம்புக்குறியும் உள்ளதாக வாங்குங்கள். வண்டித் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும் மாற்றங்களை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்றுச் சோதனை) உண்டு. அசல் வாட் ஹாலஜனும் ஒழுங்கான ரிலே வயரிங்கும் அங்கே தலைவலி தராது.

கடைசியாக ஃபோகஸ். டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக ஏற்றும் அளவு லோடை ஏற்றிவைத்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டூமின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும், டூம் உயரமாக உள்ள பெரிய லாரியில் 15 முதல் 20. காலி வண்டியில் வைத்த ஃபோகஸ், லோடு ஏறிப் பின்பக்கம் அமுங்கியதும் மேலே தூக்கிக்கொள்ளும். ஃபோகஸ் கடைகளில் காலி வண்டியைத்தான் வைத்துச் சரிசெய்கிறார்கள், அதனால் லோடோடு இன்னொரு முறை பாருங்கள்.

24 வோல்ட் லாரிக்காரர்களுக்கு

பெரிய லாரிகளில் 24 வோல்ட் எச்4 பல்பு 75/70 வாட். கரண்ட் ஒரு பல்புக்கு 3 ஆம்பியர்தான், அதனால் வயரில் போகும் இழப்பு 407-இல் வருகிற அளவு இருக்காது. இங்கே குற்றவாளி பெரும்பாலும் காம்பினேஷன் சுவிட்சும் எர்த்தும். முதலில் அளந்துவிட்டு 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் மட்டும் ரிலே போடுங்கள். ரிலேயில் 24 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும், 12 வோல்ட் ரிலே மாட்டினால் காயில் வெந்துவிடும். ஃபியூஸ் 7.5 ஆம்பியர். பல்பில் பிலிப்ஸ் மாஸ்டர்டியூட்டி, ஓஸ்ராம் டிரக்ஸ்டார் இரண்டும் லாரி அதிர்வை மனதில் வைத்துச் செய்தவை, கொடுக்கிற காசுக்குத் தகும். சார்ஜிங் 28.8-ஐத் தாண்டக் கூடாது.

இரண்டு பாட்டரியின் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்து ஜீப் செட்டை மாட்டுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒரு பாட்டரி எப்போதும் பசியோடு கிடக்கும், இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் கொதித்து வற்றும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

எந்த வண்டியானாலும் ஒரு மாதம் ஓடியதும் லக் போல்ட் எல்லாவற்றையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். லைட் போட்டு அரை மணி நேரம் ஓடிய பிறகு ஃபியூஸ் பாக்ஸையும் இரண்டு ஹோல்டரின் வயரையும் விரலால் தொட்டுப் பார்த்து, முதல் நாள் எடுத்த அதே அளவுகளை மீட்டரில் மறுபடி எடுத்து, வண்டி நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள். டாஷ்போர்டு பெட்டியில் ஒரு ரிலேயும் நான்கு ஃபியூஸும் ஒரு பல்பும் எப்போதும் கிடக்கட்டும்.